இருபத்திரண்டாவது நிமிடம்

நான் எழுதாத ஒரு வரிக்காக ஒருவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனை வைத்திருக்கிறார். திண்டுக்கல்லில் ஓய்வு பெற்ற தாசில்தார், பெயர் சௌந்தரபாண்டியன், மணி இரண்டு பத்து. பெயரையும் நேரத்தையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன், இன்றைக்கு எதையும் ஞாபகத்தை நம்பி விடுவதாக இல்லை. “அறவாழி சார், ஆபீஸ்ல கேட்டு உங்க நம்பர் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பாத்தோம். இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுக்கும், ஆனா அந்தத் தாய் சாட்சிக் கூண்டுல ஏறி ஒரு வார்த்தையும் பேசாம நிக்கிற நாலு நிமிஷத்துக்காகப் பொறுத்துக்குங்கன்னு எழுதினீங்களே, சத்தியம் சார், என் சம்சாரம் அழுதுட்டா.” நான் நன்றி சொன்னேன். வாய்க்கு அது பழக்கம். ‘கூண்டுக்கு வெளியே மூவர்’ என்ற அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒரு வக்கீல், அவருடைய ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர், பூட்டிக் கிடக்கும் ஒரு மருந்துக் கடை. தாய் யாரும் வரவில்லை. வருவதற்கு நான் நேரம் கொடுக்கவில்லை. இருபத்திரண்டாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். எல்லாப் படத்தையும் அங்கேதான் நிறுத்துகிறேன், சில நேரம் இருபதில், பிடித்திருந்தால் இருபத்தைந்தில், அதற்கு மேல் போனதில்லை, போனதில்லை என்றுதான் பத்து நிமிடத்துக்கு முன்புவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பத்திரிகையின் வெள்ளிக்கிழமை இணைப்பு, நான்காம் பக்கம், ‘வீட்டிலிருந்தே’, வாரம் ஐந்து புதுப் படம், ஐந்தும் ஐந்து வகை: துப்பறிவது ஒன்று, சிரிப்பு ஒன்று, பேய் ஒன்று, குடும்பம் ஒன்று, வேற்று மொழி ஒன்று. ஒரு படத்துக்கு அறுபது சொல். முப்பத்தெட்டு வருடம் செய்தி மேசையில் உட்கார்ந்தவனுக்கு முதல் பத்தியைப் பார்த்தால் கடைசிப் பத்தி தெரியும். மந்திரி பேச்சுக்கு யாரும் கடைசிவரை உட்கார்ந்ததில்லை, பாதியில் எழுந்து வந்து முழுப் பேச்சையும் எழுதியிருக்கிறோம், மறுநாள் மந்திரியே போன் செய்து நன்றாக வந்திருக்கிறது என்றிருக்கிறார். இருபது நிமிடத்தில் பிடிபடாத படம் இரண்டு மணி நேரத்திலும் பிடிபடாது. இதை ஆதிரையிடம் சொன்னதில்லை. ஆதிரை இணைப்பின் பொறுப்பாசிரியர், என் மகள் இருந்தால் அவள் வயதுதான் இருக்கும். போன மாதம் ஏதோ பேச்சில் கேட்டாள், “வாரம் அஞ்சு படம் முழுசாப் பாக்குறீங்களே, எப்படி சார் டைம் கிடைக்குது?” நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக முடிந்ததாக இப்போது தோன்றுகிறது. அந்த ‘முழுசா’வை ஏன் அழுத்தினாள். அழுத்தினாளா. ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கால் பக்கம்தான், என் பெயர் அச்சில் வரும் ஒரே இடம், அதையும் எடுத்துவிட்டால் பொன்மலையில் காலை பத்து மணிக்கு நூலகம் போய் ஒரு மணிக்குத் திரும்பும் இன்னொரு கிழவன் நான்.

அச்சில் வந்ததை நான் படிப்பதில்லை. எங்கள் மேசையில் எல்லோருக்கும் இருந்த பழக்கம் அது. அச்சான பிறகு பிழை கண்ணில் பட்டால் என்ன செய்ய முடியும், சோறு இறங்காது, அவ்வளவுதான். அடுத்தவர் எழுதியதைப் படிப்போம், நம்முடையதைத் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் தாசில்தார் போனை வைத்ததும் எழுந்து போய் அலமாரித் தட்டுகளில் விரித்திருந்த பழைய இணைப்புகளை உருவினேன், பருப்பு டப்பாவை நகர்த்தி, மிளகாய்த்தூள் டப்பாவை நகர்த்தி, நான்கு வாரம் கிடைத்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து கொஞ்சம் நடுங்கித்தான் தெரிகிறது, இருந்தாலும் படித்தேன். தாயின் நான்கு நிமிடம் அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் ஒரு பேய்ப் படத்துக்கு, ‘கடைசிக் காட்சியில் கதவைத் திறப்பது யார் என்பதை முதலில் பார்த்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.’ அதற்கும் முந்தி ஒரு வங்காளப் படத்துக்கு, ‘இதய நோயாளிகள் வீட்டில் இருந்தால் இரண்டாம் பாதியைத் தவிர்க்கலாம்.’ ஒன்றும் நான் எழுதியதில்லை. ஆனால் நான் எழுதியது போலவே இருக்கிறது. சொற்களை எண்ணிப் பார்த்தேன், அறுபது, அறுபத்தொன்று, என் அளவு. ‘தவிர்க்கலாம்’ என் சொல், ‘தவிர்க்கவும்’ என்று நான் ஒருபோதும் போடமாட்டேன், அதிகாரத் தோரணை வந்துவிடும். என் குரலில் யாரோ பேசியிருக்கிறார்கள். அல்லது நான் பேசிவிட்டு மறந்துவிட்டேன். இந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் இணைப்பை மடித்து வைத்துவிட்டேன். தங்கப்பழம் என்று ஒரு பிழைதிருத்துநர் எங்களிடம் இருந்தார், கில்லாடி, ஒற்று விட்டுப்போனால் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார். கடைசி வருடம் ஒரே ப்ரூஃபை நான்கு தடவை படித்தார். நான்காவது தடவையும் அதே பிழையை அதே சந்தோஷத்தோடு கண்டுபிடித்து, “பாத்தியா, தப்பிச்சோம்” என்றார். நாங்கள் அவருக்குப் பின்னால் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

எப்படியும் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன், நியூஸ்பிரிண்ட் தாளில் பேனாவால் எழுதித்தான் எனக்கு வழக்கம், என் மனைவி மதி அதைத் தன் போனில் தட்டச்சு செய்து ஆதிரைக்கு அனுப்புவாள், என்னிடம் இருப்பது பொத்தான் போன். ஆனால் தாள்கள் இல்லை. ஒரு தாள்கூட இல்லை. அனுப்பியதும் மதி கிழித்துப் போட்டுவிடுகிறாள். குப்பை சேர்க்காதீங்க என்பாள். அலமாரியில் விரிக்கப் பழைய பேப்பர் சேர்க்கிறவள், பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைக்கிறவள், என் கையெழுத்தை மட்டும் ஏன் நான்காகக் கிழிக்க வேண்டும். சந்திரமதி என்ற பெயரை நான் மட்டும்தான் மதி என்று சுருக்கினேன், தொலைபேசி நிலையத்தில் அவளை எல்லோரும் மேடம் என்பார்கள், முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தாள், டிரங்க் கால் காலத்திலிருந்து. ஊரில் யார் யாரோடு சண்டை, எந்த வீட்டில் சாவு, எந்தக் கடை திவால், எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயிற்று, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிருபர்கள் எத்தனை பேர் என்னை நச்சரித்தார்கள், மதினிகிட்ட ஒரு வார்த்தை கேளேன் என்று. கேட்டேன். “நான் லைன்தான் போடுவேன்” என்றாள். கேட்டதை முகத்தில் காட்டாமல் இருக்கத் தெரிந்தவள் எதை வேண்டுமானாலும் காட்டாமல் இருப்பாள். இப்போது ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள், மூணு மணிக்கு வந்துர்றேன் என்றாள். நான் நூலகத்தில் இருக்கும் மூன்று மணி நேரமும் இந்த டிவி அவளோடு தனியாக இருக்கிறது. அவளுக்கும் ஆதிரைக்கும் பழக்கமும் உண்டு, பூண்டு ஊறுகாய்க்குப் பக்குவம் சொல்கிறேன் என்று வியாழக்கிழமைகளில் இருபது நிமிடம் பேசுகிறாள், ஊறுகாய்க்கு எதற்கு இருபது நிமிடம்.

டிவியைப் போட்டேன். ஓடிடிக்குக் காசு கட்டுவது அலுவலகம், கடவுச்சொல் அங்கே ஆதிரையிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ‘பார்த்தவை’ என்று ஒரு பட்டியல் உள்ளே இருப்பதாக எப்போதோ ஆதிரை சொல்லியிருந்தாள், தேடிக் கண்டுபிடித்தேன், ரிமோட்டில் மூன்று தடவை தவறி மூன்று தடவை விளம்பரம் பார்த்து. எல்லாம் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எதுவரை பார்த்தது என்று காட்டும் சிவப்புக் கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. முழுக்க. எந்தப் படமும் இருபத்திரண்டாவது நிமிடத்தில் நிற்கவில்லை. என் கணக்கில், என் வீட்டில் அல்லது என் கடவுச்சொல் தெரிந்த வேறொரு இடத்தில், யாரோ நான் விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். கூண்டுப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டேன். கடுகு நிறப் புடவையில் ஒரு அம்மாள் நீதிமன்றப் படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். இவள்தான் தாயாக இருக்க வேண்டும். இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நிம்மதியாக இருந்தது, ஒரு நிமிடம்தான், பிறகு நிம்மதிப்பட இதில் என்ன இருக்கிறது என்று பட்டது. பார்த்து மறந்தவனுக்கும் இந்த முகம் புதிதாகத்தான் தெரியும். தங்கப்பழத்துக்கு அந்தப் பிழை ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தானே இருந்தது. அந்த அம்மாள் டீயை முடித்துவிட்டு என்னைப் பார்ப்பது போல் காமிராவைப் பார்த்தாள். அணைத்துவிட்டேன்.

மூன்று பேர். ஆதிரை, மதி, நான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, நாங்கள் ஒரு தடவை செய்தது. எண்பத்தொன்பதோ தொண்ணூறோ, ஒரு மாலைப் பத்திரிகை எங்கள் விபத்துச் செய்திகளை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. சமயபுரம் சாலையில் லாரி கவிழ்ந்த செய்தியில், அங்கே இல்லாத ஒரு காளை மாட்டைச் சேர்த்தோம், வலது கொம்பு உடைந்தது என்று. மாலையில் அவர்கள் பத்திரிகையிலும் மாட்டுக்கு வலது கொம்பு உடைந்தது. மதி வருவதற்குள் இந்த வாரத்துக்கான தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். நான்கு படம் ஏற்கனவே எழுதியாகிவிட்டது, பேய் வகை மட்டும்தான் பாக்கி, படத்தின் பெயர் ‘பொம்மை வாத்தியார்’. திங்கட்கிழமை இருபத்திரண்டு நிமிடம் பார்த்தேன்: மலையில் ஒரு பள்ளிக்கூடம், வாத்தியார் இல்லை, மூங்கில் கூடையிலிருந்து ஒரு மரப்பொம்மை எழுந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூலையில் பதினெட்டு வயது முத்திரை. பதினெட்டு என்றால் பின்னால் ஏதோ கொடுமை இருக்கிறது, எது என்று எனக்குத் தெரியாது, ஆனால் சிவப்புக் கோடு முழுக்க ஓடியிருக்கிறது, யாருக்கோ தெரியும். எழுதினேன்: ‘வயது முத்திரையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பேத்தி பேரன்களை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். சிரிப்பும் வாய்ப்பாடும் உத்தரவாதம்.’ கை வைத்தது மதி என்றால் தட்டச்சு செய்யும்போதே மாற்றுவாள், போனை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆதிரை என்றால் அச்சில் மாறும். ஒருவரும் மாற்றாவிட்டால் மீதி நான். அந்த வரியைத் திரும்பப் படித்தபோது பேனா பிடித்த விரல் கொஞ்சம் கூசியது. மாட்டுக்குக் கொம்பு உடைந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மாற்றிவிடுவார்கள், யாராயிருந்தாலும் மாற்றிவிடுவார்கள், நான்கு வாரமாக மாற்றியவர்கள் இந்த வாரம் மாற்றாமல் இருப்பார்களா.

மூன்று இருபதுக்குத்தான் வந்தாள். “பாமாயில் வரல, பருப்பு மட்டும்தான். அந்தக் கடைக்காரன் நாளைக்கு வான்னு சொல்றான், அவனுக்கு எல்லாமே நாளைக்குத்தான்” என்று பையை வைத்துவிட்டு முகம் கழுவி வந்து கையை நீட்டினாள். “குடுங்க, நாலு மணிக்கு அந்தப் பொண்ணு பக்கத்த மூடி அச்சுக்கு அனுப்பணும்.” தாள்களைக் கொடுத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன், ஓரத்து வழியாக அவளைப் பார்க்க. இரண்டு கட்டை விரலாலும் அடிக்கிறாள், வேகம், நான் ஒரு வரி படிப்பதற்குள் மூன்று வரி போய்விடும். முதல் தாள் முடிந்தது. இரண்டாவதில் ஒரு இடத்தில் லேசாக மூச்சு விட்டாள், அது சிரிப்பா அலுப்பா தெரியவில்லை. மூன்று. நான்கு. கடைசித் தாளில் விரல் நின்றது. நான் பேப்பரைத் திருப்பினேன், திருப்பியது விளம்பரப் பக்கம், பரவாயில்லை. “என்னங்க” என்றாள். “ம்.” “பொம்மை வாத்தியாரு. மடியில வச்சுப் பாக்கலாம்னு போட்டிருக்கீங்க.” “ஆமா.” “நீங்க பாத்தீங்களா?” “பாக்காமயா எழுதுவேன்?” “முழுசா?” ஆதிரை அழுத்திய அதே சொல். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்துதான். “முழுசாத்தான்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் முகம், உள்ளே எத்தனை லைன் ஓடுகிறதோ வெளியே ஒன்றும் இல்லை. பிறகு குனிந்து அடித்தாள். “அனுப்பிட்டேன்” என்றாள். மணி மூன்று நாற்பது.

“குடு, ஒரு தடவை பாத்துக்கறேன்” என்று போனை வாங்கினேன். நான் கேட்டதே இல்லை, அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒரு சொல் மாறவில்லை. முதல் படத்தில் ‘இயக்குநர்’ என்பதை நான் அவசரத்தில் இரண்டு தடவை எழுதியிருந்தேன், அது இரண்டு தடவையும் இருந்தது. மடி, பேத்தி பேரன், உத்தரவாதம், எல்லாம் அப்படியே. அப்படியானால் மதி இல்லை. இவ்வளவு அச்சாக, எழுத்து மாறாமல் அடிக்கிறவள் கை வைத்திருக்க முடியாது, அப்படியானால் ஆதிரை, ஆதிரைக்கு என் நடை எப்படி இவ்வளவு பிடிபடும், அவள் ‘செம’ என்று எழுதுகிற தலைமுறை, அப்படியானால், அப்படியானால் நான் நூலகத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டு, எழுதிவிட்டு எழுந்து போகிறேனா. தங்கப்பழத்தின் மனைவி ஆபீசுக்கு வந்து, இவரை இனிமேல் தனியாக அனுப்பாதீர்கள் என்று சொன்னபோது அவர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார், வேறு யாரையோ பற்றிய பேச்சுக்குத் தலையாட்டுவது போல. “இந்த வாரம் நான் எதையும் தொடல” என்றாள் மதி.

பருப்பை டப்பாவில் கொட்டிக்கொண்டே சொன்னாள், முதுகைக் காட்டிக்கொண்டு. “முழுசாப் பாத்தேன்னு சொல்லிட்டீங்கள்ல. பாத்தவங்க எழுதினதுல நான் கை வைக்கலாமா?” எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், வெட்கம்கெட்ட சந்தோஷம், மூளை சரியாக இருக்கிறது, மறக்கவில்லை, நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. “எத்தனை நாளா?” “ஆனி மாசத்துலேருந்து. மேல்வீட்டு ரெஜினா டீச்சர் உங்க பேச்சைக் கேட்டு பேரன் ஜோயலோட ஒரு படத்தப் பாத்தாங்க, குடும்பப் படம்னு போட்டிருந்தீங்க. பாதியில அதுல வர்ற அப்பன் தூக்குல தொங்கிட்டான். பிள்ளை மூணு நாளு பாத்ரூமுக்குத் தனியாப் போகல. டீச்சர் உங்களக் கேக்கல, மாடிப்படியில நிறுத்தி என்னைக் கேட்டாங்க. சாரு பாத்துட்டுத்தான் எழுதினாரா மதின்னாங்க. நான் ஆமான்னேன். அன்னிக்குதான் மொதல்ல போட்டுப் பாத்தேன், நீங்க எங்க விட்டிருக்கீங்கன்னு.” “எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.” “சொன்னா எழுதறத விட்டுருவீங்க. விட்டுட்டு இந்த நாற்காலியில உக்காந்துக்குவீங்க. அதான் கையெழுத்துத் தாளையும் கிழிச்சுப் போட்டேன், வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு.” டப்பா மூடியை அழுத்தினாள். “இன்னிக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. இன்னிக்கு அந்த மடி வரியப் பாத்ததும் கேட்டுட்டேன். இல்ல மதி, பாதிதான் பாத்தேன்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்.”

மூன்று நாற்பத்தாறு. பொத்தான் போனில் ஆதிரையை அழைத்தேன், மூன்றாவது மணியில் எடுத்தாள், பின்னால் யாரோ யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். “சார், மேட்டர் வந்துருச்சு, அந்த பொம்மைப் படத்தத்தான் மேல தூக்கி வச்சிருக்கேன், ஸ்டில் சூப்பர். ‘மடியில் வைத்துப் பார்க்கலாம்’, அதையே தலைப்பாப் போட்டாச்சு. சொல்லுங்க.” வாயைத் திறந்தேன். தலைப்பை மாற்று என்று சொல்லலாம். ஏன் என்பாள். வயது முத்திரையைக் கவனிக்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் முத்திரையைப் பார்த்துத் தயங்க வேண்டாம் என்று நானே எழுதியிருக்கிறேன், அதை நம்புவதற்கு அவள் முட்டாள் இல்லை. மதி தட்டச்சில் தப்புச் செய்துவிட்டாள் என்று சொல்லலாம். அதுதான் இருப்பதிலேயே சுலபம், அவள் இரண்டு அடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், மறுக்கமாட்டாள், ரெஜினா டீச்சரிடம் ஆமா என்று சொன்னவள் இதற்கும் ஆமா என்பாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, “கடைசியில அந்தப் பிள்ளைங்க என்ன ஆகுது?” என்று மதியைக் கேட்டேன். “ஒண்ணுதான் மிஞ்சுது” என்றாள். “வாய்ப்பாடு சொல்லத் தெரிஞ்ச பிள்ள மட்டும்.” வெள்ளிக்கிழமை காலையில் எத்தனை வீட்டில் எத்தனை மடி. “சார், லைன்ல இருக்கீங்களா, பக்கம் போகுது” என்றாள் ஆதிரை. “அந்தப் படத்த எடுத்துரும்மா” என்றேன். “நான் இருபத்திரண்டு நிமிஷம்தான் பாத்தேன். மீதிய நான் பாக்கல.” ஆதிரை மெதுவாகக் கேட்டாள், “மத்த நாலு, சார்?” என் பெயருக்கு மேலே அந்த நான்கும் அச்சுக்குத் தயாராக நிற்கின்றன, நான் அனுப்பியபடியே, ஒருவரும் திருத்தாமல். “அத என் வீட்டம்மாதான் சொல்லணும்” என்று போனை மதியிடம் நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ரெண்டாவது இருக்கு பாரும்மா,” என்றாள், “மொதல்ல அத எடு, அது சிரிப்புப் படமே இல்ல.”